சபைக்கு ஆப் கேட்டினம், செய்து குடுத்தது வேற சாமான்

எங்கட சபை வெள்ளவத்தைப் பக்கம், காலி வீதியில இருந்து கடலுக்கு இறங்கிற ஒழுங்கை ஒண்டில இருக்கு, தமிழ் ஆராதனைக்கு நூறு சொச்சக் குடும்பம் வரும். போன வருஷக் கடைசியில வாலிபர் ஐக்கியத்தில இருந்து நிர்வாகக் குழுவுக்கு ஒரு கடிதம் போச்சு, சபைக்கெண்டு சொந்தமா ஒரு ஆப் வேணுமாம். அங்கத்தவர் விவரம், அறிவித்தல், பாட்டு, வேதாகமம், பிரசங்க வீடியோ, காணிக்கை, ஜெப விண்ணப்பம், பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் அதுக்குள்ள இருக்கோணும். நான் ஐடி வேலை எண்டபடியா கடிதம் சுத்திச் சுத்தி என்ர கைக்கு வந்திட்டுது. இப்ப வேற சபையாக்களும் "உங்கட ஆப்பை எப்பிடிச் செய்தனீங்கள், எங்களுக்கும் தேவையோ" எண்டு கேக்கினம், ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் மெசேஜ் போட ஏலாது, அதால என்ன செய்தம், எதை விட்டம், எது கழுத்தறுத்தது எண்டு எழுதி வைக்கிறன்.

முதல்ல ஸ்டோர் கணக்கு. கூகுள் பிளேயில டெவலப்பர் கணக்குத் திறக்க 25 டொலர், ஒருக்காக் கட்டினாக் காணும். அப்பிளுக்கு வருஷா வருஷம் 99 டொலர், டொலரை 300 ரூபா எண்டு பிடிச்சாலும் 30,000 ரூபாக்குக் கிட்ட போகுது. ஆனா காசு இல்லை இங்க பிரச்சினை, ஆராவது ஒரு அங்கிள் கட்டியிருப்பார். கணக்கு ஆற்ற பேரில எண்டதுதான் பிரச்சினை. நிறுவனக் கணக்கு எண்டா டன்ஸ் நம்பர் (நிறுவனங்களை அடையாளம் காட்டுற ஒரு சர்வதேச இலக்கம்) கேப்பினம், அதுக்கு சபையின்ர பதிவு, விலாசம் எண்டு மேலிடத்தோட கடிதம் எழுதித் திரியோணும். தனியாள் கணக்கு எண்டா 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த கணக்குகளுக்கு ஒரு விதி வந்திருக்கு, ஆப்பை வெளியில விட முதல் ஒரு கூட்டம் ஆக்கள் 14 நாள் தொடர்ந்து சோதிச்சுப் பாக்கோணும், முதல் 20 பேர் எண்டிருந்தது பிறகு 12 பேராக் குறைஞ்சிருக்கு. 12 பேரைச் சபையில பிடிக்கலாம், அது பரவாயில்லை. ஆனா தம்பி ஒருத்தன்ர பேரில கணக்கைத் திறந்து, அவன் ரெண்டு வருஷத்தில கனடாவுக்குப் போயிட்டா அந்த ஆப்பை ஆர் பாக்கிறது? கொழும்பில எந்தத் தமிழ்ச் சபையிலயும் வாலிபர் ஐக்கியத்தின்ர பத்து வருஷப் பழைய ஃபோட்டோவை எடுத்துப் பாருங்கோ, அதில நிக்கிற ஆக்களில எத்தினை பேர் இப்ப இங்க இருக்கினம் எண்டு.

அதோட ஆப் எண்டது ஒருக்காச் செய்து போட்டு விடுற சாமான் இல்லை. கூகுள் ஒவ்வொரு வருஷமும் புது அன்ட்ரொயிட்டுக்கு ஏத்தமாதிரித் திருத்தச் சொல்லும், 2025 ஓகஸ்ட் 31இல இருந்து புது ஆப்பும் அப்டேற்றும் அன்ட்ரொயிட் 15ஐக் குறிவைச்சு இருக்கோணும் எண்டாச்சு. திருத்தாம விட்டா கொஞ்சக் காலத்தில புது ஃபோன் வாங்கின ஆக்களுக்கு ஸ்டோரில உங்கட ஆப் கண்ணிலயே படாது. அப்பிள்காரர் இன்னொரு பக்கம், சும்மா வெப்சைட்டுக்கு உறை போட்டுக் கொண்டு வந்தா 4.2 எண்ட விதியைக் காட்டித் திருப்பி அனுப்புவினம். முழுநேரம் வேலை செய்யிற ஒருத்தன் சனிக்கிழமை பின்னேரத்தில சபைக்குச் செய்து குடுக்கிற வேலைக்கு இது சரிவராது எண்டு எனக்கு அங்கயே விளங்கிட்டுது.

குழுக் கூட்டத்தில ஒரு அங்கிள் நல்லாக் கதைச்சார். தமிழில சபைதான் அச்சுக்கு முன்னுக்கு நிண்டது, தரங்கம்பாடியில சீகன்பால்க் 1715ஆம் ஆண்டளவில புதிய ஏற்பாட்டைத் தமிழில அடிச்சார், யாழ்ப்பாணத்தில அமெரிக்க மிசனாக்கள் 1841இல உதயதாரகைப் பேப்பர் தொடங்கினவை, அப்ப நாங்கள் ஆப் செய்யாம இருக்கிறது சோம்பல் எண்டு. கேக்க நல்லாத்தான் இருந்தது. ஆனா அந்த ரெண்டும் அங்கத்தவருக்கு மட்டும் எண்டு பூட்டி வைச்ச சாமான் இல்லையே, வாசிக்கத் தெரிஞ்ச எவரும் வாசிக்கலாம். இப்ப எல்லார்ற ஃபோனிலயும் கிடக்கிற யூவேர்ஷன் பைபிள் ஆப்பும் அப்பிடித்தான், 2008இல அமெரிக்காவில ஒக்லஹோமாவில இருக்கிற ஒரு சபைதான் அதைச் செய்தது, ஆனா தங்கட ஆக்களுக்கெண்டு செய்யேல்லை, ஊருலகத்துக்கெல்லாம் செய்தவை, தமிழ் வேதாகமமும் அதில இருக்கு. அப்ப எங்கட ஆப்புக்குள்ள வேதாகமம் எதுக்கு? அந்த வரியை நான் அங்கயே வெட்டிட்டன். பிரசங்க வீடியோவும் யூடியூப்பில ஏற்கனவே இருக்கு, அதுவும் வெட்டு. (2011இல, கத்தோலிக்கர் குருவானவரிட்ட பாவத்தைச் சொல்லுற பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யிறதுக்கு ஒரு ஐபோன் ஆப் வந்து, அமெரிக்க ஆயர் ஒருத்தர் அதுக்கு அனுமதி முத்திரையும் குடுத்து, ஆப்பிட்ட பாவசங்கீர்த்தனம் செய்ய ஏலாது எண்டு வத்திக்கான் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. எங்கட சபைக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஆனா ஜெப விண்ணப்பத்தை ஆப்புக்குள்ள போடுற கதை வரேக்க எனக்கு உதுதான் ஞாபகம் வந்தது.)

வெட்டி வெட்டிப் பாக்க மிஞ்சினது மூண்டு: இந்தக் கிழமை அறிவித்தல், பாட்டு, காணிக்கைக் கணக்கு நம்பர். இதுக்கு ஒரு வெப் பக்கம் காணும், அதை ஃபோனின்ர முகப்பில ஐகனா வைக்கக் கூடியமாதிரியும் நெட் இல்லாட்டித் திறக்கக் கூடியமாதிரியும் செய்தாச் சரி. எச்டிஎம்எல் பக்கம் ஒண்டு, பேரும் ஐகனும் சொல்லுற மேனிஃபெஸ்ட் ஃபைல் ஒண்டு, 192, 512 அளவில ரெண்டு ஐகன், நெட் இல்லாட்டியும் பக்கத்தைத் திறக்க வைக்கிற, சர்விஸ் வேர்க்கர் எண்டு சொல்லுற ஒரு சின்ன ஸ்கிரிப்ட், பாட்டெல்லாம் ஜேசன் எண்ட ஒரு தரவு ஃபைலில. ஹோஸ்டிங் (பக்கத்தை நெட்டில வைக்கிற இடம்) இலவசம், எச்டிடிபிஎஸ் தானா வரும். பிளே ஸ்டோர் இல்லாத ஹுவாவே ஃபோன் வைச்சிருக்கிற ஆக்களுக்கும் வேலை செய்யும், அது பேந்துதான் தெரிஞ்சது பெரிய உதவி எண்டு.

இனிப் பாட்டுக்கு வருவம், நேரம் முழுக்கத் திண்டது இதுதான்.

சபையின்ர பாட்டெல்லாம் வேர்ட் ஃபைலாக் கிடந்தது, வருஷக்கணக்கா ஒரு அன்ரி இருந்து தட்டச்சுச் செய்தவ, எல்லாம் பாமினி எழுத்துருவில. பாமினி ஃபைலை எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில திறந்தா ஆங்கில எழுத்தும் செமிகோலனுமாத்தான் தெரியும், ஏனெண்டா உள்ளுக்கு தமிழே இல்லை, ஆங்கில எழுத்துக்கு மேல தமிழ் உருவத்தைப் போத்தியிருக்கு. செமிகோலன்தான் புள்ளி, கொமாதான் இ. இதை யூனிகோட்டுக்கு, எந்தக் கருவியிலயும் தமிழ் தமிழாவே நிக்கிற குறிமுறைக்கு, மாத்தோணும். நெட்டில மாத்திகள் கனக்க இருக்கு, ஆனா ஒவ்வொண்டும் ஒவ்வொரு இடத்தில உடைக்குது, அதால நான் சொந்தமா ஒரு ஸ்கிரிப்ட் எழுதினன்.

இதில விளங்க வேண்டியது ஒழுங்குதான். 'கொ' எண்ட எழுத்தைப் பாமினியில கண்ணால பாக்கிற ஒழுங்கிலயே அடிப்பினம், கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோட்டில க முதல், அதுக்குப் பிறகு ஒகரக் குறி ஒரே குறியா வரோணும். அதால ஸ்கிரிப்ட் கொம்பு, எழுத்து, கால் மூண்டையும் ஒண்டாப் பிடிச்சு மாத்தி முடிச்ச பிறகுதான் தனிக் கொம்பில கை வைக்கலாம். ஒழுங்கு மாறினா 'கெ'யும் அதுக்குப் பக்கத்தில காலும் ரெண்டு குறியா நிக்கும். ஸ்கிரீனில பாத்தா அச்சொட்டா 'கொ' மாதிரியே இருக்கும், ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனா தேடினா வராது. இதுக்கு ஜாவாஸ்கிரிப்டிலயே நோமலைஸ் எண்ட கட்டளை இருக்கு, என்எஃப்சி எண்டு குடுத்தா ரெண்டு குறியையும் ஒண்டாக்கிப் போடும். பாட்டு வரியையும் விடோணும், ஆக்கள் தேடுறதுக்கு அடிக்கிற சொல்லையும் அதுக்குள்ளால விடோணும், ஒண்டை மட்டும் விட்டா பிரயோசனமில்லை.

ஔகாரம் அதைவிட மோசம். பாமினியில மௌனம் எண்டு அடிக்கிறதும் மெளனம் எண்டு அடிக்கிறதும் ஒண்டுதான், கொம்பு, ம, ள. மாத்தி கண்ணை மூடிக்கொண்டு எல்லாத்தையும் ஔ ஆக்கினா வெளிச்சம் எண்டது 'வௌிச்சம்' ஆகும். இலங்கைச் செய்தித் தளங்களில 'வௌிநாடு', 'வௌியீடு' எண்டு ஒரு விசிறி (இகரக் குறி) தொங்கிற எழுத்தைக் கண்டிருப்பியள், அது எங்க இருந்து வருதெண்டா இங்க இருந்துதான். எங்கட பாட்டில வெளிச்சம் வராத பக்கமே இல்லை, அதால நான் போட்ட விதி: ள வுக்குப் பிறகு விசிறியோ புள்ளியோ வேற உயிர்க்குறியோ இருந்தா அது ள தான், தொடாத. ஒண்டும் இல்லாட்டி மட்டும் ஒரு பட்டியலில போடு, நான் கண்ணால பாக்கிறன். அப்பிடி வந்த பட்டியல் சின்னன், மௌனம், சௌக்கியம் மாதிரி ஒரு கொஞ்சச் சொல்லுத்தான், ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிய முதல் பாத்து முடிச்சிட்டன்.

சிரிப்பு வந்தது கிற்றார் கோட்டில (chord). வாசிக்கிற தம்பியவை பாட்டு வரிக்கு மேல கோட்டை ஆங்கிலத்தில எழுதி வைச்சிருந்தவை, ஸ்கிரிப்டுக்கு அதுவும் பாமினிதானே. ஜி எண்ட கோட் 'பு' ஆச்சு, சி 'ஊ' ஆச்சு, டி 'னு' ஆச்சு. நல்ல ஆராதனைப் பாட்டு ஒண்டுக்கு மேல "ஊ பு னு பு" எண்டு வரிசையா நிக்குது. வேர்ட் ஃபைலில ஒவ்வொரு துண்டுக்கும் எந்த எழுத்துரு எண்ட தகவல் உள்ளுக்கு இருக்கும், அதைப் பாத்து பாமினி எண்டு குறிச்ச துண்டை மட்டும் மாத்தச் சொல்ல இது முக்கால்வாசி சரியாச்சு. மிச்சம் கையாலதான்.

பாட்டின்ர உரிமை விஷயத்தையும் சொல்லோணும், இதை ஒருத்தரும் யோசிக்கிறேல்ல. இலங்கையின்ர 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதினவர் செத்து 70 வருஷம் மட்டும் பதிப்புரிமை இருக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கீர்த்தனைகளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, தாராளமாப் போடலாம். ஆனா இப்ப வாலிபர் பாடுற பாட்டில கனக்க, உயிரோட இருக்கிற ஆக்கள் எழுதினது. சபைக்குள்ள புரொஜெக்டரில போடுறதும், உலகம் முழுக்கத் திறக்கிற வெப் பக்கத்தில போடுறதும் ஒண்டில்லை. கேட்டு எழுதினம், ஓம் எண்டு பதில் வந்ததைப் போட்டம், வராததுக்கு நம்பரும் முதல் வரியும் மட்டும் இருக்கு, முழுப்பாட்டுக்குப் புத்தகத்தைத் திறவுங்கோ.

தேடல் வேலை செய்யத் தொடங்கின பிறகு இன்னொரு கூத்து. இயேசு எண்டு ஒருத்தர் தேடுவார், பாட்டில ஏசு எண்டிருக்கும், இன்னொண்டில யேசு. ஜெபமும் செபமும், ஸ்தோத்திரமும் தோத்திரமும், கிறிஸ்துவும் கிறீஸ்துவும். எது சரி எண்டு சண்டை பிடிக்கிற வேலை எனக்கில்லை, தேடுறதுக்கு மட்டும் எல்லாத்தையும் ஒண்டாக்கிப் போட்டன்: ஜ வை ச ஆக்கு, சொல்லின்ர முதல்ல வாற இயே, யே ரெண்டையும் ஏ ஆக்கு, முதல்ல வாற ஸ் ஐத் தூக்கு, நெடிலைக் குறிலாக்கு, ற வும் ர வும் ஒண்டு, ந ண ன மூண்டும் ஒண்டு, ல ள ழ வும் ஒண்டு, இரட்டிச்சு வாற எழுத்தை ஒத்தையாக்கு. தமிழ் வாத்தியார் கண்டா அடிப்பார். ஆனா திரையில காட்டுறது அசல் வரியைத்தான், உந்த முறிச்ச வடிவம் உள்ளுக்கு மட்டும் இருக்கும்.

இவ்வளவும் செய்து போட்டு ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில ஆக்கள் எப்பிடிப் பாவிக்கினம் எண்டு பக்கத்தில இருந்து பாத்தன். அறுபது தாண்டின ஒருத்தரும் தேடல் பெட்டியைத் தொடவே இல்லை. தமிழ்க் கீபோட் ஃபோனில இல்லை, இருந்தாலும் கண்ணாடி போட்டுத் தடவித் தடவி அடிக்கப் பஞ்சி. அவைக்குத் தெரிஞ்சது பாட்டு நம்பர். "நூத்திப் பதினாலு எடுங்கோ" எண்டுதான் சபையில சொல்லுறது, வீட்டில சொல்லுறது, செத்தவீட்டில சொல்லுறது. பேந்து வீட்டுக்கு வந்து முதல் திரையை மாத்தினன், திறந்த உடன ரெலிபோன் மாதிரிப் பெரிய பெரிய இலக்கம், மூண்டு இலக்கம் அமத்த பாட்டு வரும். தேடல் மேல ஒரு மூலையில சின்னப் பூதக்கண்ணாடி. அண்டையில இருந்துதான் அன்ரிமார் இதைத் தங்கட எண்டு எடுத்துக்கொண்டது. எழுத்தின்ர அளவை ஃபோன் செட்டிங்கில ஏத்தி வைச்சிருக்கிற ஆக்கள் கனபேர், அதால அளவை இறுக்கி வைக்காம அதோட சேந்து பெருக்கக்கூடியமாதிரி வைச்சன், விரலால விரிச்சுப் பெருக்கிறதையும் தடுக்கேல்ல. சில பக்கங்களில டிசைன் கெடும் எண்டு அதைப் பூட்டி வைப்பினம், சபைக்கு அது மகா பாவம்.

சின்னவைக்கு எதிர்ப் பிரச்சினை, தமிழ் கதைப்பினம், வாசிக்கக் கஷ்டம். கொழும்பில இங்கிலிஷ் மீடியத்தில படிக்கிற பிள்ளையள் கனபேர் அப்பிடித்தான். அவைக்கெண்டு ஒரு பட்டன், தட்டினாப் பாட்டு ஆங்கில எழுத்தில வரும். ஸ்கிரிப்டே மாத்தும், ஙகரத்துக்குப் பிறகு வாற க வுக்கு ஒரு சத்தம், இரட்டிச்ச க வுக்கு ஒரு சத்தம் எண்டு விதி எழுதலாம், தேவன், தயவு மாதிரிச் சொல்லுகளுக்கு மட்டும் தனிப் பட்டியல். முழுசாச் சரி எண்டு சொல்ல மாட்டன், ஞாயிறு பாடசாலை ரீச்சர் அப்பப்ப ஸ்கிரீன்ஷொட் அனுப்புவா, நான் பட்டியலில ஒரு சொல்லைக் கூட்டுவன்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. யூடிஎஃப்-8 இல ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் போகும், பாமினியில 1 பைட்தான், அதால ஃபைல் ஊதும் எண்டு பயந்தன். ஆனா பாட்டு எழுத்துத்தானே, சுருக்கி அனுப்பேக்க முழுப் பாட்டுப் புத்தகமும் வட்ஸ்அப்பில வாற "இனிய காலை வணக்கம்" ரோசாப்பூப் படம் ஒண்டு ரெண்டின்ர அளவுக்கு வந்திட்டுது. இது ஏன் முக்கியம் எண்டா, கனபேர் போடுற டேட்டா பக்கேஜ் சோசல் மீடியாப் பக்கேஜ், வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் எவ்வளவும் ஓடும், அதுக்கு வெளியில போனா மற்ற டேட்டாவில வெட்டும். "தம்பி உன்ர ஆப்பைத் திறந்தா காட் முடியுதாம்" எண்டு ஒரு கதை வெளிக்கிட்டா அதோட சரி. அதால பாட்டு ஒருக்கா இறங்கினா ஃபோனிலயே கிடக்கும், திரும்ப நெட்டுக்குப் போகாது. அறிவித்தல் மட்டும் முதல் நெட்டில பாக்கும், கிடைக்காட்டிப் பழசைக் காட்டும், எந்தத் தேதிக்குரியது எண்டு மேல பெரிசாப் போட்டு. அந்தத் தேதி இல்லாட்டி போன கிழமை ஆராதனை நேரத்தைப் பாத்துக்கொண்டு ஆக்கள் வருவினம்.

ஐபோனில ஒரு பொறி இருக்கு. சஃபாரியில ஒரு தளத்தைத் தொடாம பிரவுசரை 7 நாள் பாவிச்சா, அந்தத் தளம் சேமிச்சு வைச்சதை அழிச்சுப் போடும், 2020இல இருந்து அப்பிடி. சபைக்கு ஆக்கள் வாறது எத்தினை நாளுக்கு ஒருக்கா? சரியா ஏழு. ஞாயிறு பின்னேரம் இறக்கி வைச்ச பாட்டு அடுத்த ஞாயிறு நெட் இல்லாத மண்டபத்தில வெறும் திரையா நிக்கும். முகப்பில ஐகனாச் சேத்து வைச்சா இந்த வெட்டு இல்லை, அதால ஐபோன் ஆக்கள் எல்லாரையும் ஆராதனை முடிய வாசலில பிடிச்சு, பகிரிற பட்டனைத் தட்டி, கீழ இழுத்து, முகப்பில சேர் எண்டதைத் தட்ட வைச்சம். வாலிபர் ஐக்கியத்துக்கு நான் குடுத்த வேலை இதுதான், கேட்டது ஆப், கிடைச்சது வாசல் டியூட்டி எண்டு ஒருத்தி முறைச்சா. நோட்டிபிகேஷனும் ஐபோனில அப்பிடித்தான், ஐஓஎஸ் 16.4இல இருந்து முகப்பில சேத்த பக்கத்துக்கு மட்டும் வரும். நாங்கள் நோட்டிபிகேஷனே வைக்கேல்ல. அவசரம் எண்டா வட்ஸ்அப் குறூப் இருக்கு, அதில லிங்க் போனாக் காணும், ஒரு சபைக்கு ரெண்டு மணியடிக்கத் தேவையில்லை.

அப்ப எல்லாத்தையும் வட்ஸ்அப்பிலயே விடலாமே எண்டு கேப்பியள், போதகர் ஐயாவும் அதைத்தான் கேட்டவர். 2019 ஏப்ரல் 21, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலயும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலயும் மட்டக்களப்பு சீயோன் சபையிலயும் குண்டு வெடிச்ச அண்டு வட்ஸ்அப், பேஸ்புக், வைபர் எல்லாத்தையும் அரசாங்கம் முடக்கினது, ஒரு கிழமைக்கு மேல வரேல்ல. ஆராதனை இருக்கோ இல்லையோ எண்டு கேக்க ஆக்கள் ஒருத்தரை ஒருத்தர் ரெலிபோனில பிடிச்சவை. 2022 ஏப்ரல் 3, ஊரடங்கு நேரம் திரும்பவும் ஒருக்கா முடக்கினவை, அது ஒரு நாளுக்குள்ள திரும்பிட்டுது. ரெண்டு தரமும் சாதாரண வெப்சைட் திறந்தது. சபைக்கெண்டு சொந்தமா ஒரு விலாசம் இருக்கிறதுக்கு எனக்கு இது ஒண்டே காணும்.

அறிவித்தலை ஆர் போடுறது எண்டதுக்கு நான் அட்மின் பக்கம் ஒண்டும் செய்யேல்ல, கூகுள் ஷீட் ஒண்டு, அதைச் சீஎஸ்வியா, வெறும் எழுத்து அட்டவணையா, வெளியிட்டு வைச்சிருக்கு, பக்கம் அதைத்தான் வாசிக்குது. செயலாளர் அக்கா தன்ர ஃபோனில இருந்தே அடிப்பா: தேதி, தலைப்பு, விஷயம், முடியிற தேதி. அந்த முடியிற தேதிக் கட்டம்தான் இந்த ஷீட்டின்ர உயிர், அது தாண்டினா அறிவித்தல் தானா மறையும், ஒருத்தரும் அழிக்க மாட்டினம் எண்டு எனக்குத் தெரியும். சபை வாசலில இருக்கிற பலகையில இன்னும் போன நத்தார்க் கரோல் நோட்டீஸ் ஒட்டியிருக்கு, போய்ப் பாருங்கோ. இந்த ஷீட் உலகத்துக்கே திறந்தது எண்டதை மட்டும் அக்காவுக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கு. இன்னாருக்கு ஒப்பரேஷன், இன்ன ஆஸ்பத்திரியில எண்டு அதில வரப்படாது. ஜெப விண்ணப்பம் போதகருக்கு நேர போறது, அவ்வளவுதான்.

இப்ப பெரிய சண்டைக்கு வருவம், அங்கத்தவர் பட்டியல். வாலிபருக்கு அதுதான் முக்கியம், பேர், படம், ரெலிபோன், விலாசம், பிறந்தநாள், ஆர் எந்தப் பகுதி எண்டு மப்பில புள்ளி. லொகின் வைச்சுப் பூட்டலாம்தானே எண்டு கேட்டவை. லொகின் எண்டா பாஸ்வேர்ட் மறக்கும், மறந்தா எனக்குத்தான் கோல் வரும், ஆனா அது சின்ன விஷயம். கூட்டத்தில மூலையில இருந்த வயசுபோன அங்கிள் ஒருத்தர், வழமையா ஒண்டும் கதைக்கிறேல்ல, மெல்லமாச் சொன்னார்: "83இல அவங்கள் கையில லிஸ்ற்றோடதானே வந்தவங்கள் தம்பி. எந்த வீடு தமிழாக்கள்ற எண்டு பாத்துப் பாத்து." 1983 ஜூலை தமிழருக்கு எதிரான கலவரத்தில வாக்காளர் இடாப்பைக் கையில வைச்சுக்கொண்டு கும்பல் வீடு வீடா வந்தது புத்தகங்களிலயும் பதிவான கதைதான், ஆனா அவர் புத்தகத்தில வாசிச்சுச் சொல்லேல்ல. வாலிபர் பக்கத்தில ஒரு தங்கச்சி, அவவும் விடேல்ல, "அங்கிள், எங்கட நம்பரும் முகமும் பேஸ்புக்கில எப்பவோ போயிட்டுது" எண்டா. அதுவும் பொய்யில்லை. ஆனா அங்க சிதறிக் கிடக்கிறதும், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்தப் பகுதியில இந்த விலாசங்களில எண்டு ஒரே ஃபைலில வடிவா அடுக்கிக் குடுக்கிறதும் ஒண்டா?

சட்டமும் இதில ஒரு கதை சொல்லுது. 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில மத நம்பிக்கையைக் காட்டுற தரவு விசேட வகைக்குள்ள வருது, உடல்நலம், இனம், பிள்ளையள்ற தரவு எல்லாம் அதே பெட்டிக்குள்ளதான். ஒரு கடையின்ர வாடிக்கையாளர் பட்டியலைப் போல இல்லை, சபைப் பட்டியலில பேர் இருக்கிறதே மதத்தைச் சொல்லிப்போடும். ஞாயிறு பாடசாலைப் பிள்ளையள்ற பேரும் பிறந்தநாளும் சேந்தா மதம், இனம், பிள்ளை மூண்டும் ஒண்டாக் கூடுது. இதைப் பாதுகாக்கிற பொறுப்பு ஆருக்கு? இலவச ஹோஸ்டிங்கில சனிக்கிழமை பின்னேரம் வேலை செய்யிற எனக்கா? நான் கையெழுத்துப் போட மாட்டன் எண்டு சொல்லிட்டன். பட்டியல் பழையபடி சபை அலுவலகத்தில ஒரு ரெஜிஸ்டரில இருக்கு, பகுதி ஜெபக் குழுத் தலைவர்மாரிட்ட தங்கட தங்கட ஆக்கள்ற நம்பர் இருக்கு. பிறந்தநாள் வாழ்த்து வேணுமெண்டா ஞாயிற்றுக்கிழமை முன்னுக்கு வந்து நிக்கட்டும், பாடுவம். தங்கச்சிக்கு இன்னும் என்னில கோபம்தான், அடுத்த குழுக் கூட்டத்தில திரும்பக் கொண்டுவருவா எண்டு கேள்வி.

காணிக்கை லேசா முடிஞ்சது. முதல்ல லங்காகியூஆர் (வங்கி ஆப்பால ஸ்கான் பண்ணிக் காசு கட்டுற குறி) படத்தைப் போட்டம், போட்ட பிறகுதான் ஒருத்தர் கேட்டார், இதே ஃபோனில இருக்கிற படத்தை இதே ஃபோனால எப்பிடி ஸ்கான் பண்ணுறது எண்டு. ஸ்கிரீன்ஷொட் எடுத்து வங்கி ஆப்புக்குள்ள கலரியில இருந்து எடுக்கலாம், எல்லா ஆப்பும் விடாது. அதால கணக்கு நம்பருக்குப் பக்கத்தில கொப்பி பண்ணுற பட்டன், கீழ "குறிப்பில காணிக்கை, தசமபாகம், கட்டட நிதி எண்டு ஏதாவது எழுதுங்கோ" எண்டு ஒரு வரி, அந்த வரி பொருளாளர் அங்கிள் கெஞ்சிக் கேட்டது, திங்கட்கிழமை வங்கி ஸ்டேட்மென்றில பேரில்லாத காசு என்னத்துக்கெண்டு அவருக்குத் தெரியாமப் போகுதாம். கியூஆர் படத்தைச் சபை வாசலில பிறின்ற் எடுத்து ஒட்டினம், அங்க அது நல்லா வேலை செய்யுது.

சாவி ஆற்ற கையில எண்டதையும் சொல்லிடுறன், மேல ஸ்டோர் கணக்குக்குச் சொன்ன அதே பயம் இதுக்கும் இருக்குத்தானே. டொமெயின், ஹோஸ்டிங், கூகுள் ஷீட் மூண்டும் சபையின்ர பொது ஈமெயிலில திறந்தது, என்ர பேரில ஒண்டும் இல்லை. பாஸ்வேர்டும் ரெண்டு பக்கச் செய்முறைக் குறிப்பும் கவரில போட்டு செயலாளரின்ர அலுமாரியில. நான் நாளைக்கு வெளிநாடு போனாலும் அறிவித்தல் ஓடும், பாட்டு ஓடும், புதுப் பாட்டுச் சேக்கிறது மட்டும் ஆராவது பழகோணும்.

இப்ப கையில இருக்கிறது ரெண்டு வேலை. பிரசங்கத்தை ஒலியாப் போடச் சொல்லி வீட்டோட இருக்கிற வயசுபோன ஆக்கள் கேக்கினம், யூடியூப் அவைக்கு டேட்டா திண்ணுதாம். அரைமணிப் பிரசங்கம் 128 கேபிபிஎஸில எடுத்தா 29 எம்பிக்குக் கிட்ட வரும், 32இல மோனோவா எடுத்தா 7 எம்பி சொச்சம், பாட்டுக்கு அது காதைக் கெடுக்கும், பேச்சுக்குக் காணும். தட்டினா மட்டும் இறங்கும், தானா இறங்காது, அதுக்கு முன்னால எத்தினை எம்பி எண்டும் எழுதியிருக்கும். மற்றது எங்கட மண்டபத்திலயே காலமை நடக்கிற சிங்கள ஆராதனையாக்கள், தங்கட கீதங்களையும் இதுக்குள்ள போடச் சொல்லிக் கேட்டிருக்கினம், ஃபைலைத் திறந்து பாத்தன், எல்லாம் எஃப்எம் அபய எண்ட, பாமினி மாதிரியான பழைய சிங்கள எழுத்துருவில கிடக்கு. பாமினிக்கு எழுதின ஸ்கிரிப்ட் அதுக்குச் சரிவராது, அட்டவணையை முதல்ல இருந்து செய்யோணும், சிங்களம் வடிவா வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்தில இருந்தாத்தான் சரி பிழை பாக்கலாம், அப்பிடி ஒரு மல்லியை (சிங்களத் தம்பி ஒருத்தனை) பிடிச்சிருக்கு, வாற சனிக்கிழமை தொடங்கிறம்.